முதலில் இடாப்பு: வன்னிப் பழைய மாணவர் வகுப்புக்கு ஒரு செய்திக் கடிதம்

வட இலங்கையின் வன்னிப் பாடசாலைகளில் எழுபதுகளில் படித்து முடித்தவர்களில் ஆக இளையவருக்கும் அறுபது கடந்துவிட்டது. கிளிநொச்சி, முள்ளியவளை, முழங்காவில், வவுனியா என்று எந்தப் பக்கத்துப் பள்ளிக்கூடமானாலும் அந்தக் காலத்து வகுப்புக்கு இன்று ஒரு வட்ஸ்அப் குழு இருக்கும். விடிய எழும்பிப் பார்த்தால் அதில் காலை வணக்கங்கள் குவிந்து கிடக்கும். சாமிப் படம், பூப் படம், எங்கிருந்தோ வந்த மருத்துவக் குறிப்பு. அவற்றுக்கு நடுவே ஒரு மரணச் செய்தியும் வந்து, மத்தியானத்துக்குள் மேலே போய் மறைந்துவிடும். ஸ்மார்ட் போன் இல்லாதவருக்கு அதுவும் இல்லை. அக்கராயனிலோ ஒட்டுசுட்டானிலோ வயலும் மாடுமாக இருப்பவருக்கு, கூடப் படித்தவர் செத்த செய்தி முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியும் முடிந்த பிறகு சந்தையில் யாரோ சொல்லித்தான் தெரியவருகிறது.

ஆகவே மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு செய்திக் கடிதம் வேண்டும். அச்சிட்ட தாளாகவும் போக வேண்டும், போனிலும் போக வேண்டும். இதைத் தொடங்குகிறவர்கள் வழமையாகப் புதிய கட்டடம், பரிசளிப்பு விழா, அதிபரின் ஆசிச்செய்தி என்று ஆரம்பிப்பார்கள். வன்னி வகுப்புக்கு அந்த ஒழுங்கு சரிவராது என்பது என் உறுதியான எண்ணம். இங்கே கடிதத்தின் முதல் வேலை, யார் யார் படித்தார்கள், அவர்கள் இப்போது எங்கே என்ற பெயர்ப் பட்டியலை, அதாவது இடாப்பை, திரும்பக் கட்டுவது. பாடசாலைச் செய்தி அதற்குப் பின்னால் வரட்டும்.

காரணம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1996இல் போரால் கிளிநொச்சி நகரம் முழுதாக இடம்பெயர்ந்தது. 1997இலிருந்து ஏ9 வீதியோர ஊர்கள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. 2004 டிசம்பர் 26இல் முல்லைத்தீவுக் கரையைக் கடல் எடுத்தது. 2008, 2009இல் வன்னி முழுவதும் எழும்பி நடந்தது. அனுமதிப் பதிவேடு, வரவு இடாப்பு, சம்பவத்திரட்டு, பழைய மலர்கள் என்று ஒரு பாடசாலை தன் பிள்ளைகளை நினைவில் வைத்திருக்கும் பொருட்கள் பல இடங்களில் இந்த வழியிலேயே போய்விட்டன. மற்ற ஊர்களில் பழைய மாணவர் சங்கம் அலுவலகத்துக்குப் போய்ப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர் எடுக்கலாம். இங்கே வகுப்பின் ஞாபகம்தான் பதிவேடு. அந்த ஞாபகத்துக்கும் வயது போகிறது.

எங்கிருந்து தொடங்குவது? முதலில் வகுப்புப் படம். தொண்ணூறுக்கு முன் வெளிநாடு போனவர்களிடம்தான் படங்கள் தப்பியிருக்கின்றன. அவர்கள் கொண்டுபோனதும், ஊரிலிருந்து கடிதத்தோடு வைத்து அனுப்பியதும். ஊரில் இருந்தவர்கள் அல்பத்தை எங்கோ பதுங்குகுழியிலோ ட்ரக்டர் பெட்டியிலோ விட்டுவிட்டார்கள். ஆனால் படத்தில் இருப்பவர்களின் பெயரும் தகப்பன் பெயரும் வீடும் ஊரில் இருப்பவர்களுக்குத்தான் சரியாகத் தெரியும். படம் ஒரு பக்கம், பெயர் ஒரு பக்கம். கடிதத்தின் முதல் இதழ் இந்த இரண்டையும் சேர்த்தால் போதும்.

படம் வைத்திருப்பவரிடம் கேட்கும்போது வடிவாக விளங்கப்படுத்த வேண்டும். அல்பத்தில் ஒட்டிய படத்தை உரிக்கக் கூடாது. மேல்படை தாளோடு கழன்றுவிடும். ஸ்கானர் இருந்தால் 600 டிபிஐயில் எடுக்கட்டும். இல்லாவிட்டால் விறாந்தையில் நேர்வெயில் படாத வெளிச்சத்தில் மேசைமேல் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல், போனை நேர் மேலே பிடித்து எடுக்க வேண்டும். வட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் சுருங்கி முகங்கள் குழம்பிவிடும். டொக்கியூமென்டாக அனுப்பச் சொல்லுங்கள். படத்தின் பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும். ஸ்டூடியோ முத்திரையும், பேனையால் எழுதிய ஆண்டும் அங்கேதான் இருக்கும். பிறகு ஒவ்வொரு தலைக்கும் மேலே ஓர் இலக்கம் போட்டு, முன்வரிசை இடப்பக்கத்திலிருந்து தொடங்கி, பெயர் தெரியாத இலக்கத்துக்கு எதிரே இடம் விட்டு அச்சிடுங்கள். இலக்கம் போடாமல் "இதில் யார் யார் எண்டு சொல்லுங்கோ" என்று குழுவில் போட்டால் நூறு பதில் வரும், ஒன்றுக்கும் எது எந்த முகம் என்று தெரியாது.

இரண்டாவது, அச்சில் வந்தவை. பரிசளிப்பு விழா அறிக்கை, இல்ல விளையாட்டுப் போட்டி நிகழ்ச்சிநிரல், பாடசாலை மலர் ஆகியவற்றில் பெயர்கள் இருக்கும். நூலகம் நிறுவனத்தின் இணைய நூலகம் 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் வெளியீடுகளை மின்வடிவில் சேர்த்து வருகிறது. பாடசாலை மலர்களும் அதில் நிறைய உண்டு. உங்கள் பாடசாலைப் பெயரோடு அயல் பாடசாலைகளின் பெயரையும் போட்டுத் தேடுங்கள். வட்டார விளையாட்டுப் போட்டியில் வென்ற பிள்ளையின் பெயர் அடுத்த பள்ளிக்கூட மலரில் கிடைக்கக்கூடும். தனிப்பட்ட ஆட்களிடம் பார்க்க வேண்டியவை விடுகைப் பத்திரம், தேர்ச்சி அறிக்கை, ஓட்டோகிராப் கொப்பி. பெண்பிள்ளைகளின் ஓட்டோகிராப் கொப்பி மிகவும் பெறுமதியானது. கடைசி நாளில் வகுப்பே அதில் கையெழுத்து வைத்திருக்கும்.

இனி, எந்த ஆண்டு வகுப்பு என்பதைத் தீர்மானிக்க வேண்டும். இதில்தான் ஆகக் கூடிய குழப்பம் வரும். 1972இல் வந்த கல்வி மாற்றத்தால் ஓ.எல். (சாதாரண தரச் சோதனை) நிறுத்தப்பட்டு, ஒன்பதாம் வகுப்பு முடிவில் எடுக்கும் என்.சி.ஜி.ஈ. (தேசிய பொதுக் கல்விச் சான்றிதழ்) சோதனை 1975இல் முதன்முதலாக நடந்தது. ஆட்சி மாறிய பிறகு 1978இல் ஓ.எல். திரும்ப வந்தது. ஆகவே ஒரே வாங்கில் இருந்தவர்களில் ஒருவர் என்.சி.ஜி.ஈ.யோடு நின்றிருப்பார், இன்னொருவர் பிறகு ஓ.எல்.லும் எடுத்திருப்பார். "எழுபத்தேழாம் ஆண்டு பட்ச்" என்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றை நினைப்பார்கள். சோதனை ஆண்டை விட்டுவிட்டு, ஆறாம் வகுப்பில் ஒன்றாக இருந்த ஆண்டை வைத்துக் கணக்கெடுங்கள். இடையில் வந்தவர், இடையில் போனவர் இருவரையும் சேர்க்க வேண்டும். விஞ்ஞானப் பிரிவு இல்லாத பாடசாலையிலிருந்து ஏ.எல். (உயர்தரம்) படிக்க யாழ்ப்பாணம் போனவர் அங்கே ஒரு வகுப்புக் குழுவில் இருப்பார். இங்கேயும் அவருக்கு இடம் உண்டு. 1977 இனக்கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து குடும்பத்தோடு வந்து கொஞ்சக் காலம் படித்துவிட்டு வயல் வேலைக்கும் தோட்ட வேலைக்கும் போன பிள்ளைகளை எல்லாப் பட்டியலும் மறந்துவிடுகிறது. அவர்களைத் தேடி எழுதுவது செய்திக் கடிதத்தின் கடமை என்று நான் நினைக்கிறேன். தருமபுரம், விசுவமடு, வவுனியாப் பக்கங்களில் ஊர்க்காரரிடம் விசாரித்தால் தெரியும்.

மாவட்டப் பெயரும் ஆளை மாற்றிவிடும். முல்லைத்தீவு மாவட்டம் 1978இல்தான் உருவானது. கிளிநொச்சி 1984 வரை யாழ்ப்பாண மாவட்டத்தோடு இருந்தது. பரந்தனில் பிறந்தவரின் பிறப்புச் சான்றிதழில் யாழ்ப்பாண மாவட்டம் என்று இருப்பதைப் பார்த்து "இவர் எங்கட ஆள் இல்லை" என்று வெட்டிவிடக் கூடாது.

பெயர் எழுதுவதற்கு ஓர் ஒழுங்கு வேண்டும். ஒரு வகுப்பில் செல்வராசா மூன்று பேர் இருப்பார்கள், யோகேஸ்வரி நாலு பேர் இருப்பார்கள். முதலெழுத்து மட்டும் போதாது. பள்ளிக்கூடத்தில் இருந்த பெயர், தகப்பன் பெயர் முழுதாக, அப்போதைய ஊர் அல்லது வாய்க்கால், இப்போதைய பெயர், இப்போதைய ஊர் என்று ஐந்து கூடுகள் வையுங்கள். குடியேற்றத் திட்ட ஊர்களில் ஆளை அடையாளம் காட்டுவது எத்தனையாம் வாய்க்கால் என்பதுதான். உருத்திரபுரத்தில் அதைச் சொல்லாமல் ஒருவரையும் கண்டுபிடிக்க முடியாது. பெண்களுக்குக் கலியாணத்துக்குப் பிறகு முதலெழுத்து மாறிவிடும். வெளிநாட்டில் புருஷன் பெயரே கடைசிப் பெயராகிவிடும். பள்ளிக்கூடப் பெயரை முதலில் போட்டு இப்போதைய பெயரைப் பக்கத்தில் போடாவிட்டால் வகுப்பின் அரைவாசி இடாப்பில் தேடக் கிடைக்காது. பட்டப்பெயர் பலருக்கு உதவும். ஆனால் அதை அச்சில் போடக் கூடாது. அறுபது வயதிலும் சிலருக்கு அது நோகும்.

இடாப்பில் நிலை என்று ஒரு கூடு வரும். இருக்கிறார், காலமானார், தொடர்பு இல்லை என்று மூன்றாகத்தான் பெரும்பாலும் வகுப்பார்கள். வன்னிக்கு நாலாவது ஒன்று வேண்டும்: காணாமல் ஆக்கப்பட்டவர், தேடப்படுகிறவர். இவரை மற்ற மூன்றிலும் போட முடியாது. சில குடும்பங்கள் காணி, வங்கி, பிள்ளைகளின் அலுவல் முடிக்க வேண்டி மரணச் சான்றிதழ் எடுத்திருப்பார்கள். 2010இல் வந்த தற்காலிகச் சட்டம் அதற்கு வழி செய்தது. 2016இல் அந்தச் சட்டத்தைத் திருத்தி, ஆள் இறந்ததாகச் சொல்லாமல் காணவில்லை என்று மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கும் இடம் வைத்தார்கள். எந்தக் கடதாசி வீட்டில் இருந்தாலும் கடிதம் எழுதுகிறவர் அதைப் பார்த்து முடிவெடுக்கக் கூடாது. தாயோ மனைவியோ பிள்ளையோ என்ன சொல்கிறார்களோ அதுதான் இடாப்பில் நிற்க வேண்டும். அவர்கள் சொல்லும்வரை நினைவஞ்சலிப் பக்கத்தில் அந்தப் பெயர் வரக் கூடாது. நல்ல மனதோடு ஒருவர் "எம்மை விட்டுப் பிரிந்த நண்பர்கள்" என்று ஒரே சட்டத்தில் எல்லாரின் படத்தையும் வைத்துக் குழுவில் போட்டுவிடுவார். பதினைந்து வருடத்துக்கு மேலாக வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு வீட்டுக்கு அது என்ன செய்யும் என்று யோசித்தால் அந்தப் படத்தைச் செய்ய மனம் வராது.

போரில் இறந்தவர்கள் விடயத்திலும் அதே கவனம் வேண்டும். பெயர், ஊர், தெரிந்தால் ஆண்டு, அவ்வளவும் போதும். எங்கே, எப்படி, யாரோடு நின்றார் என்பதைக் குடும்பம் எழுதித் தந்தால் மட்டும் போடலாம்.

காலமானார் என்று அறிவிப்பதற்கு முன் செய்ய வேண்டியது ஒரு போன் அழைப்பு. குழுவில் வந்த செய்தியை நம்பி அச்சிடக் கூடாது, ஏனென்றால் ஒரே பெயர்ச் சிக்கல் ஆகக் கூடுதலாகக் கெடுக்கும் இடம் இதுதான். வீட்டு ஆள் ஒருவரிடமும், கிட்டத்தில் இருக்கும் வகுப்புத் தோழர் ஒருவரிடமும் தனித்தனியே கேளுங்கள். இருவர் சொல்வதும் பொருந்தினால் போடுங்கள். அறிவித்தல் இப்படி இருந்தால் போதும்: பள்ளிக்கூடப் பெயரும் தகப்பன் பெயரும், அப்போதைய ஊர், காலமான திகதியும் இடமும், எங்கே வேலை செய்தார், துணைவர், பிள்ளைகள் எத்தனை பேர், இறுதிக்கிரியை நடந்ததா, நடக்கப்போகிறதா, வீட்டுக்காரர் சம்மதித்த ஒரு தொலைபேசி இலக்கம். கடைசியில் ஒரு வரி, அவரை வகுப்பு எதற்காக நினைவில் வைத்திருக்கிறது என்று. "பழகுவதற்கு இனியவர்" என்று எழுதினால் அது எல்லாருக்கும் பொருந்தும், ஒருவரையும் கண்முன் கொண்டுவராது. "மாரியில் குளம் மேவினால் சின்ன வகுப்புப் பிள்ளைகளைச் சைக்கிளில் ஏற்றி இறக்குவார்" என்று எழுதினால் படிக்கிறவருக்கு ஆள் தெரியும். திதி தெரிந்தால் திகதிக்குப் பக்கத்தில் போடுங்கள். ஆண்டுத் திவசத்துக்குப் போக நினைப்பவருக்கு அதுதான் உதவும். கிறிஸ்தவக் குடும்பமானால் நினைவுத் திருப்பலி எந்தக் கோயிலில் என்று போடுங்கள்.

சுகவீனச் செய்தி இன்னும் நுட்பமானது. சீனி வருத்தம், பிரஷர் எல்லாருக்கும் இருக்கிறது. அதைச் செய்தியாக்கத் தேவையில்லை. புற்றுநோய், சிறுநீரக வருத்தம், மறதி நோய் போன்றவற்றை ஆள் சம்மதிக்காமல் எழுதவே கூடாது; பேரப்பிள்ளைக்குக் கலியாணம் பேசும் வீட்டில் அது வேறு விதமாகப் போய் முடியும். சம்மதித்தாலும் வருத்தத்தின் பெயரைவிட வாசிப்பவர் என்ன செய்யலாம் என்பதை எழுதுங்கள். வீட்டில் இருக்கிறார், பின்னேரம் நாலு மணிக்குப் பிறகு வந்து பார்க்கலாம், கதைக்கக் களைப்பு ஆனால் கேட்பார், இனிப்பு கொண்டுவர வேண்டாம். இந்த நாலு துண்டும் "நலம்பெறப் பிரார்த்திப்போம்" என்பதைவிட உதவும்.

பாடசாலைச் செய்திக்கு வருவோம். அதிபருக்கு நேரமில்லை, சுற்றறிக்கையும் கூட்டமுமாக அவர் பாடு போகிறது. "ஏதாவது செய்தி தாருங்கோ" என்றால் ஒன்றும் வராது. தவணை தொடங்கி இரண்டாம் வாரத்தில் ஒரு தாளில் கேள்விகளை எழுதிக் கொடுத்துவிட்டு, அடுத்த வாரம் போய் எடுங்கள். எத்தனை பிள்ளைகள் படிக்கிறார்கள், சென்ற ஆண்டு எத்தனை, எந்தப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லை, ஓ.எல்.லில் எத்தனை பேர் தோற்றி எத்தனை பேர் ஏ.எல். படிக்கத் தகுதி பெற்றார்கள். பல்கலைக்கழகத்துக்கு எத்தனை பேர், எந்தத் துறை. எந்தக் கட்டடம் கட்டுகிறார்கள், எது பாழடைகிறது. ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படத்தை மட்டும் போட்டால் பாடசாலை நிலை விளங்காது. தோற்றியவர் தொகையும் சித்தியடைந்தவர் தொகையும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் கணித ஆசிரியர் இல்லாததன் விலை கண்ணுக்குத் தெரியும். பிள்ளைகளுக்குக் கிட்டத்தில் என்ன வந்திருக்கிறது என்பதையும் இடைக்கிடை எழுதலாம். வெளிநாட்டில் இருக்கும் பலர் இன்னும் பழைய வன்னியைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ் பல்கலைக்கழகத்தின் பொறியியல், விவசாய பீடங்கள் இயங்குகின்றன. வவுனியா வளாகம் 2021 ஓகஸ்டில் தனிப் பல்கலைக்கழகமானது. இதைத் தெரியாதவர் புலமைப்பரிசில் திட்டம் போடும்போது பிள்ளை கொழும்புக்குப் போகும் செலவைத்தான் கணக்குப் பார்ப்பார்.

பழைய ஆசிரியர்களின் செய்திதான் ஆகக் கூடுதலாக வாசிக்கப்படும். வகுப்புக்கு எழுபது என்றால் வகுப்பாசிரியருக்கு எண்பத்தைந்து, தொண்ணூறு. இலங்கையில் ஆசிரியர் தினம் ஒக்டோபர் 6. அதற்கு முந்திய இதழில், உயிரோடிருக்கும் ஆசிரியர்கள் யார், எங்கே இருக்கிறார்கள், பார்க்கப் போகலாமா, போனில் கதைத்தால் கேட்குமா என்று எழுதிவிட்டால் அந்த வாரம் அவருக்கு ஐந்தாறு பேர் எடுப்பார்கள். காது கேட்காதவருக்குப் பேத்தியின் போனில் குரற்பதிவு அனுப்பினால் சத்தத்தைக் கூட்டி வைத்துத் திரும்பத் திரும்பக் கேட்பார்.

பணம் சேர்க்கும் செய்தியைக் கடிதத்தில் போடுவதானால், பாடசாலையின் தேவை அதிபரின் கையெழுத்தோடு எழுத்தில் வந்த பிறகு போடுங்கள். வெளிநாட்டிலிருந்து ஒருவர் நினைத்ததை வாங்கி இறக்குவதால் வரும் சேதம் கொஞ்சமில்லை. குடிநீர்ச் சுத்திகரிப்பு இயந்திரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வன்னியில் பல இடங்களில் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. கேத்திலில் படியும் வெள்ளைப் பொருக்கே அதற்குச் சாட்சி. அதே பொருக்கு இயந்திரத்தின் மெம்பிரேனில் (தண்ணீரை வடிக்கும் மெல்லிய சவ்வில்) படிந்து துவாரத்தை அடைத்துவிடும். முன்னால் இருக்கும் மண்வடியையும் கரிவடியையும் நேரத்துக்கு மாற்றாவிட்டால் மெம்பிரேன் இன்னும் கெதியாகச் சாகும். விடுமுறைக்கு இயந்திரத்தைப் பூட்டிவிட்டுப் போனால் உள்ளே நின்ற தண்ணீரில் கிருமி பெருகும். திறப்பு விழாப் படத்தில் பளபளவென்று நிற்கும் இயந்திரம் இரண்டு வருடத்தில் மூலையில் தூசி பிடித்து நிற்பது இதனால்தான். வாங்கும் காசோடு ஐந்து வருடத்துக்கு வடி மாற்றும் காசையும் சேர்த்து ஒதுக்குங்கள். யார் மாற்றுவார், எந்த மாதத்தில் மாற்றுவார் என்று பெயர் போட்டு எழுதிக் கொடுங்கள். கழிவாக வெளியேறும் தண்ணீர் எங்கே போகும் என்று குழாய் பூட்ட முன் பாருங்கள். இவை முடியாதென்றால் அந்தக் காசில் இல்லாத பாடத்துக்கு ஒரு தொண்டராசிரியருக்கு ஒரு வருடப் படி கொடுக்கலாம். பிள்ளைகளுக்கு அது கூடிய பலன்.

கணக்கு விடயத்தில் வெட்கப்பட வேண்டாம். வங்கிக் கணக்கு தனியாள் பெயரில் இருக்கக் கூடாது. மூன்று பேரில் இருவர் கையெழுத்து என்று வைத்தால் ஒருவர் வருத்தமாகப் படுத்தாலும் வேலை நடக்கும். இந்த வயது வகுப்புக்கு அது முக்கியம். ஒவ்வொரு இதழிலும் வந்தது, போனது, மிச்சம் என்று மூன்று வரி போடுங்கள். கொடுத்தவர் பெயரைப் போடலாம், தொகையைப் போட வேண்டாம். ஆயிரம் ரூபாய் தந்த ஊர்த் தோழரின் பெயர் ஆயிரம் டொலர் தந்தவரின் பெயருக்குக் கீழே வருவதைப் பார்த்து அவர் அடுத்தமுறை ஒன்றும் தராமல் விடுவார், கூட்டத்துக்கும் வரமாட்டார்.

அச்சுக்கு ஏ4 தாளை நடுவில் மடித்தால் நாலு பக்கம் வரும். இரண்டு தாள், எட்டுப் பக்கம் போதும். எழுத்து 14 புள்ளி, வரிக்கு இடையே ஒன்றரை மடங்கு இடைவெளி, கறுப்பு மை, வெள்ளைத் தாள். கண்புரை வெட்டியவருக்கும் வெட்டாதவருக்கும் இதைவிடச் சிறிய எழுத்தை வாசிக்க ஏலாது. நிறத்தாளில் அடித்தால் 14 புள்ளியும் போதாது. இந்த அளவில் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ 130 சொல்தான் நிற்கும், ஆகவே ஆசிச்செய்திக்கு இடமில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பக்கங்கள் நாலின் மடங்காக இல்லாவிட்டால் கடைசியில் வெற்றுப் பக்கம் விழும். தொலைபேசி இலக்கங்களை மூன்று மூன்றாகப் பிரித்துத் தடித்த எழுத்தில் போடுங்கள்.

தட்டச்சில் ஒரு பொறி இருக்கிறது. எங்கள் பக்கத்து அச்சகங்களில் பாமினி என்ற பழைய எழுத்துருவில் அடிக்கும் பழக்கம் இன்னும் போகவில்லை. அதைப் போனில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பையாகத் தெரியும். முதலிலேயே யுனிகோடில் அடியுங்கள். பழையது இருந்தால் எழுத்துரு மாற்றியால் மாற்றி, எழுத்துக்கெழுத்து ஒத்துப் பாருங்கள், ஏனென்றால் மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிப் பெயர் கெட்டுவிடும். வட்ஸ்அப்புக்கு மூன்று வடிவம் வேண்டும்: பி.டி.எஃப்., தலைப்புச் செய்திகள் மட்டும் கொண்ட சாதாரண மெசேஜ், முழுவதையும் ஒருவர் நிதானமாக வாசித்த குரற்பதிவு. வயதானவர்கள் மூன்றாவதைத்தான் கேட்பார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் போனால் இரண்டாகப் பிரியுங்கள். ஒலிபரப்புப் பட்டியலில் அனுப்புவதானால் ஒன்று கவனம்: உங்கள் இலக்கத்தைத் தன் போனில் சேமித்து வைக்காதவருக்கு அந்த மெசேஜ் போகவே போகாது. அனுப்பியதாக நாம் நினைத்திருப்போம், அவர் தன்னை விட்டுவிட்டார்கள் என்று நினைத்திருப்பார்.

அச்சுப் பிரதி கைக்குப் போய்ச் சேர ஊருக்கு ஒருவர் வேண்டும். பதவி வேண்டாம், மோட்டார் சைக்கிளும் ஊர் சுற்றும் பழக்கமும் உள்ள ஆள் வேண்டும். பரந்தன், வட்டக்கச்சி, விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாங்குளம், துணுக்காய் என்று அவரவர் வகுப்பு பரந்திருக்கும் இடத்தைப் பார்த்துப் பிரியுங்கள். அவர் கொடுத்துவிட்டு வந்தால் மட்டும் போதாது. யாரைக் கண்டார், யார் வீட்டில் இல்லை, யார் மகளோடு வவுனியாவுக்குப் போய்விட்டார் என்று எழுதிக் கொண்டுவர வேண்டும். அடுத்த இதழின் செய்தியில் பாதி அப்படித்தான் வரும். அதே பாடசாலையில் படிக்கும் பேரப்பிள்ளையிடம் கொடுத்துவிடுவதும் நல்ல வழி, பை நனையாத மாதங்களில்.

ஒன்றுகூடலுக்கு ஆடி, ஆவணிதான் வசதி. ஐப்பசி, கார்த்திகையில் விதைப்பும் மழையும். மாசி, பங்குனியில் பெரும்போக அறுவடை. ஓகஸ்டில் வெளிநாட்டுக்காரர் பிள்ளைகளோடு வருவார்கள், வீதியும் காய்ந்திருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் சிறுபோகம் செய்பவர்களின் அறுவடை எப்போது என்று மட்டும் முதலே கேட்டுவிட்டுத் திகதி போடுங்கள். மாடி மண்டபம் வேண்டாம். கைபிடியுள்ள கதிரை, கிட்டத்தில் மலசலகூடம், பன்னிரண்டரைக்குச் சாப்பாடு. இன்சுலின் போடுபவர் பேச்சு முடியும்வரை பசியோடு இருக்க முடியாது.

வர முடியாதவர்களோடு சூம் வைப்பதானால் ஞாயிறு பின்னேரம் ஆறரை நம் நேரம். கோடையில் ரொறன்ரோவில் காலை ஒன்பது, லண்டனில் பகல் இரண்டு, பாரிசில் மூன்று. சிட்னியில் இரவு பதினொன்று ஆகிவிடும். மாரியில் ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிசிலும் மணிக்கூட்டைப் பின்னுக்குத் தள்ளிய பிறகு அங்கே ஒரு மணித்தியாலம் முந்திவிடும், சிட்னியில் முன்னுக்குத் தள்ளுவதால் நடுச்சாமம். ஆகவே மாரிகால அறிவித்தலில் நேரத்தை நாடுநாடாகத் திரும்ப எழுதுங்கள். காசு கட்டாத சூம் 40 நிமிடத்தில் அறுந்துவிடும்; முதல் 20 நிமிடத்துக்குள் இடாப்புத் திருத்தத்தை முடித்துவிட்டுக் கதையைத் தொடங்குங்கள்.

ஒரு மூலையில் அலுவல் குறிப்புகளுக்கு இடம் ஒதுக்குங்கள். வகுப்பில் பலர் அரச ஓய்வூதியர். ஆண்டுதோறும் கொடுக்கும் உயிர்வாழ் சான்றிதழை மறந்தால் ஓய்வூதியம் நின்றுவிடும். பிறகு பிரதேச செயலகத்துக்கு அலைய வேண்டும். விதவைகள் அநாதைகள் ஓய்வூதிய இலக்கத்தை மனைவிக்குத் தெரியும் இடத்தில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். ஓய்வூதியர் இறந்தால் வீட்டுக்காரர் உடனே அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் கணக்கில் விழுந்த பணத்தைப் பிறகு திருப்பிக் கேட்பார்கள், அந்த நேரத்தில் அது செலவழிந்திருக்கும்.

இடாப்பை இரண்டாக வைத்திருங்கள். முகவரி, இலக்கம், பிள்ளைகள் விபரம் எல்லாம் உள்ள முழு இடாப்பு இருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஒருவர் ஊரில், ஒருவர் வெளிநாட்டில். சுற்றுக்கு விடும் இடாப்பில் பெயரும் ஊரும் போதும். அடையாள அட்டை இலக்கத்தை எதற்காகவும் சேர்க்காதீர்கள். கணினியில் இருப்பதை ஒவ்வொரு இதழுக்குப் பிறகும் ஒருமுறை அச்செடுத்து, திகதி போட்டுப் பொலித்தீன் உறையில் வையுங்கள். கடிதம் நடத்துகிறவருக்கும் அதே வயதுதான். மின்னஞ்சல் கடவுச்சொல், அச்சகக்காரரின் இலக்கம், ஊர்ப் பொறுப்பாளர்களின் பெயர், அடுத்த இதழுக்கு வந்து கிடக்கும் செய்திகள் எல்லாம் ஒரு கொப்பியில் இருந்து, அந்தக் கொப்பி எங்கே இருக்கிறது என்று வீட்டில் மகளுக்கோ மருமகனுக்கோ தெரிந்திருக்க வேண்டும். குழுவின் அட்மினாக மூன்று பேரை வையுங்கள். 120 நாள் பாவிக்காத வட்ஸ்அப் கணக்கு தானாகவே அழிந்துவிடும். முழு இடாப்பின் ஒரு பிரதியை முத்திரையிட்ட உறையில் பாடசாலை அதிபரிடம் கையளித்து, பெற்றுக்கொண்டதாக ஒரு கையெழுத்தும் வாங்கி வையுங்கள்.